ஜோ அப்புவும் எங்கட மாஸ்டரும்

ஜோ அப்புவுக்கு வயசு எழுபத்திரண்டு, சப்பாத்து சைஸ் பதின்மூண்டு, வாயில மிச்சம் இருந்த பல்லு பதினொண்டு, மனுசியின்ர பேர் மார்த்தா, தொழில் சப்பாத்துத் தைக்கிறது, ஊர் அமெரிக்காவில அலபாமா மாநிலத்து மொன்ட்கோமரி. எழுபதுகளின்ர கடைசியிலயும் எண்பதுகளின்ர தொடக்கத்திலயும் யாழ்ப்பாணத்தில எங்கட பள்ளிக்கூடத்தில படிச்ச ஆரை எழுப்பிக் கேட்டாலும் இந்த விபரம் எல்லாத்தையும் மடமடவெண்டு சொல்லுவினம். இப்பிடி ஒரு மனுசன் உலகத்தில பிறக்கவே இல்லை. எங்கட இங்கிலீஷ் மாஸ்டர் தன்ர தலைக்குள்ள செய்த ஆள் அவர்.

மாஸ்டரைப் பற்றி எங்கட இந்தப் பழைய மாணவர் மலரில இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதேல்லை எண்டதே எனக்குப் பெரிய கவலை. கிரிக்கெட் மாட்ச், பரிசளிப்பு விழா, பிரின்சிபலின்ர பிரம்பு, கன்ரீன் வடை எல்லாம் வருசா வருசம் வருது, வரட்டும், நானும் ஆசையா வாசிக்கிறனான்தான், ஆனால் அந்த மனுசன் எங்களுக்குத் தந்ததை ஒருக்காவாவது ஆராவது எழுதி வைக்கோணும், எங்கட பட்ஜ் ஆக்களுக்கும் இப்ப வயசு ஏறிக்கொண்டு போகுது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் அவற்ர. ரீடரில இருக்கிற பாடத்தை அரை மணித்தியாலத்துக்குள்ள முடிச்சுப்போட்டு, சால்வைத் தலைப்பால கையில இருக்கிற சோக்குத் தூளைத் துடைச்சுக்கொண்டு, "சரி பிள்ளையள், அப்பு இந்தக் கிழமை என்ன குழப்படி செய்தவர் எண்டு பாப்பமே" எண்டு கேப்பார். அதோட வகுப்பு கப்சிப். பக்கத்து வகுப்புப் பெடியளும் சன்னலுக்க வந்து நிப்பினம்.

அவர் முதல் நாளே ஒரு சட்டம் போட்டவர். "போர்டில நான் எழுதுறது எல்லாம் மெய். வாயால சொல்லுறதில அப்பு வாற இடம் எல்லாம் பொய். மெய்யைக் கொப்பியில எழுதுங்கோ, பொய்யைக் கேட்டுச் சிரியுங்கோ." கடைசி வரைக்கும் அந்தச் சட்டத்தை அவர் மீறேல்லை. போர்டில திகதி, ஊர், ஆளின்ர பேர், சட்டம், தொகை. வாயில அப்பு. இப்ப யோசிச்சுப் பாக்க, வரலாறு படிப்பிக்கிறதுக்கு இதைவிட நேர்மையான ஒரு வழியை நான் வேற எங்கயும் காணேல்லை.

முதல் கதையில, தொழில் சப்பாத்துத் தைக்கிறது எண்டு சொன்னவுடன முன் வாங்கில ரெண்டு மூண்டு பேர் களுக்கெண்டு சிரிச்சவை. ஏன் சிரிச்சவை எண்டு இதை வாசிக்கிற எல்லாருக்கும் விளங்கும், நாங்கள் எல்லாரும் அந்த ஊரில வளந்த பிள்ளையள்தானே. மாஸ்டர் கோவிக்கேல்லை. "என்ன தம்பி சிரிப்பு, சொன்னால் நாங்களும் சிரிப்பம்" எண்டார். அவன் எழும்பி நிண்டான், வாய் திறக்கேல்லை, கழுத்தெல்லாம் வேர்த்துப் போச்சு. மாஸ்டர் அவனைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டுபோட்டுச் சொன்னார், "இரு தம்பி. உன்ர செருப்பு அறுந்தாலும் அப்புவிட்டக் கொண்டுவா. அவர் தைச்சுத் தருவார், உன்னட்டச் சாதி கேக்கமாட்டார்." சாதி எண்ட சொல்லை ஒரு வகுப்பறையில ஒரு பெரிய ஆள் வாய் திறந்து சொல்லி நான் கேட்டது அண்டைக்குத்தான் முதல்.

பஸ் கதைதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். போர்டில எழுதினது: மொன்ட்கோமரி பஸ்ஸில 36 சீற், முன்னால 10 சீற் வெள்ளையளுக்கு மட்டும், ரிக்கற் 10 சதம், பஸ்ஸில போற ஆக்களில நாலில மூண்டு பங்கு கறுப்பு ஆக்கள். அவையள் முன் வாசலால ஏறி டிரைவரிட்டக் காசைக் குடுத்துப்போட்டு, இறங்கி, வெளியால நடந்துபோய்ப் பின் வாசலால ஏறோணும். சில டிரைவர்மார் காசை வாங்கினவுடன, அவையள் பின்னுக்குப் போய்ச் சேர முதலே பஸ்ஸை எடுத்துக்கொண்டு போயிடுவினம். இவ்வளவும் மெய்.

இனி அப்பு. அப்புவுக்கு அப்பிடி நாலு தரம் காசு போயிட்டுது. அஞ்சாம் தரம் அவர் பத்துச் சதக் குத்தியாக் குடுக்காமல் ஒவ்வொரு சதமாப் பத்துக் குத்தி கொண்டு போறார். டிரைவருக்கு முன்னால நிண்டு ஒண்டு... ரெண்டு... எண்டு நடுங்குற குரலில எண்ணுறார். ஏழு வரைக்கும் வந்தவுடன இருமல். இருமி முடிய எண்ணிக்கை மறந்து போச்சு. "ஐயா பிழை விடப்படாது, கொம்பனிக் காசு" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்ப ஒண்டில இருந்து. அந்த நேரத்துக்குள்ள பின் வாசலால மார்த்தா ஆச்சி ஏறி, குடையை விரிச்சுக் கதவுக்குள்ள செருகிப்போட்டு, ஊர்ச் சனம் முழுக்க ஏறுமட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. மாஸ்டர் அந்த இருமலை இருமிக் காட்டுறதைப் பாக்கோணும், மேசையில பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு, கண்ணாடி கழண்டு விழ, எங்களுக்கு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பு.

சிரிப்பு அடங்க முதலே எங்களை எழுப்பினார். முன்னால இருந்த நாலு வாங்கையும் காலி பண்ணச் சொன்னார். வகுப்பு முழுக்கப் பின் பக்கம், வாங்குக்கு எட்டுப் பேர், மிச்சப் பேர் நிண்டுகொண்டு. முன்னால நாலு வாங்கு சும்மா கிடக்குது. ஒருத்தரும் அதில இருக்கப்படாது. அப்பிடியே வைச்சுக்கொண்டு போர்டில எழுதத் தொடங்கினார்: 1955 மார்ச் 2, குளோடெட் கொல்வின், வயசு 15, எழும்பமாட்டன் எண்டு சொன்னதுக்குப் பொலிஸ் பிடிச்சது. 1955 டிசம்பர் 1, ரோசா பார்க்ஸ், தையல் வேலை, அவவும் எழும்பேல்லை, அவவையும் பிடிச்சது. நாங்கள் நிண்டுகொண்டு கொப்பியைக் கையில பிடிச்சு எழுதினம். கால் உளையுது, முன்னால வாங்கு வெறுமையாக் கிடக்குது, பாக்கப் பாக்கக் கோவம் வருது. அந்தக் கோவத்தை வார்த்தையால விளங்கப்படுத்த அவர் ஒரு வசனமும் சொல்லேல்லை, மணி அடிக்க விட்டிட்டார்.

பிறகு பஸ் பகிஷ்கரிப்பு, அது ஒரு தவணை முழுக்கப் போன கதை. டிசம்பர் 5 தொடங்கி 381 நாள், ஏறக்குறைய 40,000 கறுப்பு ஆக்கள் பஸ்ஸில ஏறாமல் நடந்தவை. இதை ஒரு ராவில தொடக்கி வைச்சது ஜோ ஆன் ரொபின்சன் எண்ட ஒரு கல்லூரி ஆசிரியை, தன்ர கல்லூரி றோனியோ மெஷினில விடிய விடிய ஆயிரக்கணக்கில துண்டுப் பிரசுரம் அடிச்சு ஊர் முழுக்கக் குடுத்தவ. மாஸ்டர் இதைச் சொல்லேக்க அவற்ர குரலே மாறும், "ஒரு ரீச்சர் பிள்ளையள், ஒரு ரீச்சர்" எண்டு ரெண்டு தரம் சொன்னவர்.

ஊரே நடக்கிற வருசத்தில சப்பாத்துத் தைக்கிறவனுக்கு எவ்வளவு உழைப்பு வரும்? அப்பு ஒரு சதம் வாங்கேல்லை. எல்லாற்ர சப்பாத்துக்கும் பழைய கார் ரயர் வெட்டி அடிப்பாகம் போட்டுக் குடுத்தவர், அதால மொன்ட்கோமரி மண் றோட்டில மனுசர் நடந்த இடமெல்லாம் கார் போன தடம், பொலிஸ்காரர் குழம்பிப்போய் ஆளே இல்லாத காரைத் தேடி அலைஞ்சவை. அப்புவுக்கே நடக்க ஏலாமல் வந்தவுடன ஒரு கோவேறு கழுதை வாங்கினார். போர்டில மாஸ்டர் எழுதினவர், சில பேர் உண்மையாவே கழுதையிலயும் குதிரை வண்டிலிலயும் வேலைக்குப் போனவை எண்டு. அப்பு தன்ர கழுதைக்கு வைச்ச பேர் மேயர். ஏனெண்டால் அந்த நேரம் மொன்ட்கோமரி மேயர் கேல் எண்டவர், ஒரு அங்குலம் நகரமாட்டன் எண்டு நிண்ட மனுசன், கறுப்பு ஆக்களுக்குச் சம உரிமை குடுக்கப்படாது எண்டு நிண்ட வெள்ளையளின்ர கவுன்சிலில 1956 ஜனவரியில பகிரங்கமா மெம்பராச் சேந்தவர். அப்பு சந்தியில நிண்டு சத்தம் போடுவாராம், "மேயர் இண்டைக்கும் அசையிறார் இல்லை! மேயருக்குப் பின்னால ஆரும் நிக்காதேங்கோ, உதைப்பார்! மேயருக்குக் கரட் காட்டினால்தான் வேலை நடக்கும்!" பொலிஸ்காரன் வந்து கேட்டால் தொப்பியைக் கழட்டி, "நான் என்ர கழுதையோட கதைக்கிறன் ஐயா" எண்டுவார். இதுக்குப் பிறகு எங்கட பள்ளிக்கூடத்தில மேயர் எண்ட பட்டம் எத்தினை பேருக்கு வந்தது எண்டு பட்ஜ் ஆக்களுக்குத் தெரியும், பேர் எழுதேல்லை.

எனக்கு அதில ஆகப் பிடிச்சது சமையல் பகுதி. ஜோர்ஜியா கில்மோர் எண்ட ஒரு அம்மா, சமையல்காரி, இவ மெய், போர்டில இருந்தவ. தன்ரை மாதிரிப் பொம்பிளையளைச் சேத்துக்கொண்டு சாப்பாடும் கேக்கும் பையும் செய்து வித்து, அந்தக் காசைக் கிழமைக்குக் கிழமை போராட்டத்துக்குக் குடுத்தவ, கார் ஓட, பெற்றோல் அடிக்க. தங்கட பேர் தெரிஞ்சால் வேலை செய்யிற வீட்டில இருந்து கலைச்சுப்போடுவினம் எண்டு, காசு எங்கயிருந்து வந்தது எண்டு கேட்டால் எங்கயும் இருந்து வரேல்லை எண்டு சொல்லுறதுக்காகவே அந்தக் குழுவுக்கு எங்கயுமில்லாத சங்கம் எண்டு பேர் வைச்சவை. மார்த்தா ஆச்சி அதில மெம்பர். ஆச்சி சுடுற சக்கரைவள்ளிக்கிழங்குப் பையை அப்பு வழியில திண்டு முடிச்சுப்போட்டுக் காசைத் தன்ர பொக்கற்றில இருந்து போடுவார், அதால அப்புதான் அந்தச் சங்கத்தின்ர ஆகப் பெரிய வாடிக்கையாளர். இன்னொண்டும் மெய். வேலைக்காரி நடந்து வரப் பிந்துது எண்டு வெள்ளைக்கார நோனாமார் தாங்களே காரில போய் ஏத்திக்கொண்டு வந்தவை. அப்பிடிச் செய்யாதேங்கோ எண்டு மேயர் கேட்டவர். அப்ப மேயரே வந்து எங்கட உடுப்பைத் தோய்க்கட்டும் எண்டு அவையள் திருப்பிக் குடுத்தவை. அப்பு உடன தன்ர கழுதையை அந்த வீட்டு வாசலில கொண்டுபோய்க் கட்டிப்போட்டு, "அம்மா, மேயர் வந்திருக்கிறார், உடுப்பு எங்கை?" எண்டு கேட்டவர்.

1956 டிசம்பர் 20. பஸ்ஸில நிறம் பாத்துப் பிரிக்கப்படாது எண்ட அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கையில வந்து பகிஷ்கரிப்பு முடிஞ்ச நாள். அண்டைக்கு வகுப்பில கைதட்டு.

அப்பு எல்லா இடத்திலயும் இருப்பார். ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டுது, "சேர், அப்பு எப்பிடி மொன்ட்கோமரியிலயும் இருந்து கிரீன்ஸ்பரோவிலயும் இருந்தவர்?" மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "அவருக்கு எல்லா ஊரிலயும் பேரப்பிள்ளையள், மேளே."

கிரீன்ஸ்பரோ கதை சொன்ன நாளைத்தான் நான் எழுத வந்தது. போர்டில: 1960 பெப்ரவரி 1, வட கரோலினா, வூல்வர்த் கடை. நாலு மாணவர், எசெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மக்கெய்ன், ஜோசப் மக்னீல். கடையில சின்னச் சின்னச் சாமான் வாங்கிக் காசு குடுத்துப்போட்டு, சாப்பாட்டுக் கவுண்டரில இருந்து கோப்பி கேட்டவை. சாமானுக்குக் காசு வாங்குற கடை, கோப்பி தராது. அவையள் எழும்பேல்லை. அடுத்தநாள் இன்னும் கனபேர் வந்தவை. ஜூலை 25 ஆம் திகதிதான் கறுப்பு ஆக்களுக்கு அந்தக் கவுண்டரில சாப்பாடு குடுத்தது.

அப்பு போய் அந்தக் கவுண்டரில இருந்து நித்திரையாப் போயிட்டார். குறட்டை. மனேச்சர் வந்து தட்டுறார், எழும்பினவுடன "கோப்பி வந்திட்டுதோ?" எண்டு கேட்டுப்போட்டுத் திரும்பக் குறட்டை. நாங்கள் சிரிச்சுக்கொண்டிருக்கேக்க கடைசி வாங்கில இருந்த ஒரு பெடியன் கையை உயத்தினான். அவன் வகுப்பில கதைக்கிறதே இல்லை. இப்ப ஐரோப்பாவில ஒரு நாட்டில குடும்பமா இருக்கிறான், அவனிட்டக் கேட்டு, சரி எழுது எண்டு அவன் சொன்ன பிறகுதான் இதை எழுதுறன்.

"சேர், எங்கட அப்புவும் ஒருக்கா அப்பிடி இருந்தவர்."

மாஸ்டர் சோக்கைக் கீழ வைச்சார். "சொல்லு ராசா."

சந்தித் தேத்தண்ணிக் கடையில அவன்ர ஆக்களுக்கு வெளியால வைச்சுப் போத்தலிலதான் தேத்தண்ணி. உள்ள வாங்கில இருக்கிற ஆக்களுக்குக் கிளாசில. அறுபதுகளின்ர கடைசியில ஒருநாள் அவன்ர அப்பு தோய்ச்ச வேட்டியும் சால்வையுமாப் போய் உள்ள வாங்கில இருந்து ஒரு பிளேன்ரீ எண்டு கேட்டவராம். முதலாளி, தேத்தண்ணி முடிஞ்சுது எண்டிருக்கிறார். கேத்தில் கொதிச்சு மூடி துள்ளுது. அப்பு அதைப் பாத்துப்போட்டு, "பரவாயில்லை தம்பி, அடுத்த கேத்தில் கொதிக்கட்டும், எனக்கு அவசரம் இல்லை" எண்டு சொல்லிப்போட்டுச் சால்வையை மடிச்சுப் பக்கத்தில வைச்சவராம். பொழுது படுமட்டும் இருந்தவராம். மத்தியானத்துக்குப் பிறகு முதலாளிக்கே தேத்தண்ணி விடாய் வந்திட்டுதாம், ஆனால் முடிஞ்சுது எண்டு சொன்ன வாயால எப்பிடி ஊத்திக் குடிக்கிறது, அவரும் பேசாமல் இருந்தவராம்.

வகுப்பு கொல்லெண்டு சிரிச்சுது. ஜோ அப்புவுக்கு எப்பிடிச் சிரிப்பமோ அதே சிரிப்பு. அவனும் சிரிச்சான், அவன் சிரிச்சு நாங்கள் கண்டதும் அண்டைக்குத்தான். பிறகு ஒவ்வொருத்தராச் சிரிப்பு நிண்டுது, ஏனெண்டால் இது போர்டில எழுதவேண்டிய கதை எண்டு எங்களுக்கு மெல்ல மெல்ல விளங்கிச்சுது. அந்தக் கடையில எங்கட அப்பாமாரும் மாமாமாரும் கிளாசில குடிச்சவை. அந்தப் போத்தலை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம்.

மாஸ்டர் போர்டை முழுக்க அழிச்சார். அழிச்சுப்போட்டு எழுதினார்: 1957, சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். 1966 ஒக்டோபர் 21, தீண்டாமைக்கு எதிரான சுன்னாகம் ஊர்வலம், பொலிஸ் அடி. 1968, மாவிட்டபுரம் கந்தசாமி கோயில், உள்ள போகக் கேட்டு வாசலில இருந்த ஆக்கள். 1968 ஏப்ரல் 4, மெம்பிஸ், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது. எல்லாம் ஒண்டுக்குக் கீழ ஒண்டு, ஒரே கையெழுத்தில, ஒரே அளவில. "கொப்பியில எழுதுங்கோ" எண்டார். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை ஆரோ பெற்றோர் வந்து கதைச்சவை, இங்கிலீஷ் பாடத்தில உதெல்லாம் என்னத்துக்கு எண்டு. மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லியும் இருக்கினம். ஆர் எவர் எண்டு எழுதுறதில பிரயோசனம் இல்லை. மாஸ்டர் அந்த வெள்ளிக்கிழமையும் வந்து சோக்குத் தூளைத் துடைச்சுப்போட்டு "அப்பு என்ன செய்யிறார் எண்டு பாப்பமே" எண்டுதான் கேட்டவர். நேராச் சொன்னால் நாங்கள் காதைப் பொத்தியிருப்பம், எங்கட வீடுகளில எங்களை அப்பிடித்தான் வளத்தவை. சிரிக்க வைச்சு வாயைத் திறக்கப் பண்ணி மருந்தை ஊத்தினவர் அந்த மனுசன், பிள்ளைக்குப் பேதி குடுக்கிற மாதிரி.

கிங் 1959 இல இந்தியாவுக்கு வந்ததும் அவர் சொல்லித்தான் தெரியும். திருவனந்தபுரத்தில தீண்டத்தகாதவை எண்டு ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளையள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனவர், அங்க பிரின்சிபல் அவரை, அமெரிக்காவில இருந்து வந்திருக்கிற எங்கட சக தீண்டத்தகாதவர் எண்டு பிள்ளையளுக்கு அறிமுகப்படுத்தினவர். கிங்குக்கு முதல் அது சுட்டிருக்கு, பிறகு யோசிச்சுப் பாத்து, ஓம் நான் அதுதான் எண்டு நினைச்சன் எண்டு பின்னாள் தன்ர தேவாலயப் பிரசங்கத்தில சொன்னவர். மாஸ்டர் இதில அப்புவைச் சேக்கவே இல்லை. சேக்காமல் விட்டது எனக்கு இண்டைக்கும் ஞாபகம்.

வோட்டுப் பதியிற கதையில அப்பு திரும்ப முழு வேகத்தில வந்தவர். அலபாமாவில செல்மா நகரம் இருக்கிற டல்லஸ் கவுண்டி எண்ட மாவட்டத்தில சனத்தொகையில பாதிப் பேர் கறுப்பு ஆக்கள், ஆனால் 1965 தொடக்கத்தில அவையளில வோட்டுப் பதிஞ்ச ஆக்கள் நூறுக்கு ரெண்டு பேரளவில. பதியிற கந்தோர் மாசத்தில ரெண்டே ரெண்டு நாள்தான் திறக்கும். போனால் பரீட்சை. அரசியல் சட்டத்தில ஏதாவது ஒரு பிரிவை விளக்கு எண்டுவினம். தெற்கில சில இடங்களில சவர்க்காரக் கட்டியில எத்தினை குமிழி வரும் எண்டுகூடக் கேட்டிருக்கினம், மெய்யாத்தான். அப்பு அடுத்த தரம் போகேக்க வாளித் தண்ணியும் சவர்க்காரமும் கொண்டு போறார். கந்தோர் நிலத்தில குந்தியிருந்து நுரைக்கத் தொடங்குறார். "ஐயா, நீங்கள் அந்தப் பக்கம் எண்ணுங்கோ, நான் இந்தப் பக்கம் எண்ணுறன், கடைசியில கூட்டிப் பாப்பம்." குமிழி உடையிறதையும் கணக்கில சேக்கிறதோ இல்லையோ எண்டு ஒரு பெரிய சட்டப் பிரச்சினையைக் கிளப்பி, மேலதிகாரியைக் கூப்பிடுவிச்சு, அவர் சறுக்கி விழுந்து, கந்தோர் முழுக்க நுரை. அண்டைக்கு மாஸ்டர் உண்மையாவே ஒரு சன்லைட் கட்டி கொண்டு வந்தவர்.

1981. ஜூன் மாதம் முதலாவது கிழமை. எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு முடிஞ்சுது, 97,000 புத்தகம். மாஸ்டர் ஒவ்வொரு சனிக்கிழமையும் சைக்கிளில போய் இருந்து வாசிச்ச இடம் அது, பழைய பேப்பர்கள், மாகசீன்கள் எல்லாம் புரட்டித்தான் போர்டில எழுதுற விசயங்களைச் சேத்தவர். அடுத்த பாடத்துக்கு வந்து வழமையான கேள்வியைக் கேக்கேல்லை. போர்டில நேரா எழுதினார்: 1961 மார்ச் 27, மிசிசிப்பி, ஜாக்சன். டுகலூ கல்லூரி மாணவர் 9 பேர். வெள்ளையளுக்கு மட்டும் எண்டிருந்த பொது நூலகத்துக்குள்ள போய், புத்தகம் எடுத்து, இருந்து வாசிச்சவை. அதுக்குப் பொலிஸ் பிடிச்சது. ஆளுக்கு 100 டொலர் தண்டம்.

பத்தாவதா அப்பு போனவர் எண்டு தொடங்கினார். அப்புவுக்கு வாசிக்கத் தெரியாது எண்டு அண்டைக்குத்தான் எங்களுக்குச் சொன்னவர், அவ்வளவு காலமும் மறைச்சு வைச்சிருந்தவர். அப்பு ஒரு பெரிய புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். பொலிஸ்காரன், கிழவா புத்தகம் தலைகீழ் எண்டு சொல்ல, அப்பு "நீங்கள் நிக்கிற பக்கத்தில இருந்து பாருங்கோ, நேராத் தெரியும்" எண்டார். ஒருத்தரும் சிரிக்கேல்லை. மாஸ்டருக்கும் அதுக்கு மேல கதை வரேல்லை. கதிரையில இருந்திட்டார். நாங்கள் போர்டில இருந்ததைத் திரும்பத் திரும்பக் கொப்பியில எழுதிக்கொண்டிருந்தம்.

பிறகு நாடு போன போக்கு எல்லாருக்கும் தெரியும், ஒவ்வொருத்தர் ஒவ்வொரு திசை. மாஸ்டர் இப்ப இல்லை. இஞ்ச கனடாவில, ஸ்காபரோவில ஒரு கூட்டம் வைச்சு அஞ்சலி செய்திருக்கலாம், அது நடக்கேல்லை.

இஞ்ச வந்த பிறகுதான் ஜோ அப்பு எங்க எங்க இருந்து வந்தவர் எண்டு விளங்கத் தொடங்கிச்சுது. மதர் பொலார்ட் எண்டு மொன்ட்கோமரியில ஒரு வயசான அம்மா இருந்தவ, நடக்க ஏலாது பஸ்ஸில ஏறுங்கோ எண்டு சொன்னதுக்கு, கால் களைச்சுப் போச்சு ஆனால் ஆத்மா ஆறியிருக்கு எண்டு சொன்னவ, அப்புவின்ர கால் அவவிட்ட இருந்து வந்தது எண்டு நான் நம்புறன். பிறகு கேஜர் லீ. இவரைப் பற்றி வாசிச்ச அண்டைக்கு எனக்கு ராத்திரி நித்திரை இல்லை. அலபாமாவில மேரியன் எண்ட ஊர், வயசு 82. 1965 பெப்ரவரி 18 ராத்திரி ஊர்வலத்தில அந்தக் கிழவனைப் பொலிஸ் அடிச்சுக் காயப்படுத்தினது. அவற்ர பேரன் ஜிம்மி லீ ஜாக்சன், வயசு 26, வோட்டுப் பதியத் திரும்பத் திரும்பப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவன், அந்த ராத்திரி தாயை அடியில இருந்து காப்பாத்தப் போன இடத்தில மாநிலப் பொலிஸ்காரன் ஒருத்தன் சுட்டவன். எட்டு நாளில ஆள் செத்துப் போனான். அந்தச் சாவிலதான் செல்மாவில இருந்து மொன்ட்கோமரிக்கு நடக்கிற யோசனையே பிறந்தது. மார்ச் 7 செல்மாப் பாலத்தில ஊர்வலம் போன ஆக்களுக்குப் பொலிஸ் அடி, பிறகு 21 ஆம் திகதி திரும்பவும் வெளிக்கிட்டு 54 மைல். அந்த ஊர்வலத்தில முன் வரிசையில கேஜர் லீயும் நடந்தவர். ஓகஸ்ட் 6 வாக்குரிமைச் சட்டம். சுட்டவன் குற்றத்தை ஒத்துக்கொண்டது 2010 இல, கிடைச்ச தண்டனை ஆறு மாசம்.

மாஸ்டருக்கு இந்தக் கிழவனைத் தெரிஞ்சிருக்கோணும். போர்டில இந்தப் பேரை அவர் எழுதினதே இல்லை, பிள்ளையளுக்குத் தாங்காது எண்டு விட்டிருப்பார் எண்டு நான் நினைக்கிறன். இவ்வளவு அடி வாங்கின ஒரு கிழவனை எடுத்து, பதினொரு பல்லும் கழுதையும் குடுத்து, ஒருநாளும் தோக்காத ஆளா எங்கட வகுப்புக்குள்ள நடக்க விட்டவர்.

ரொறன்ரோ ஆக்களுக்கு ஒரு விசயம். ரோசா பார்க்ஸ் இருந்த அதே பஸ், நம்பர் 2857, டெற்றோயிற்றுக்குப் பக்கத்தில டியர்போனில ஹென்றி போர்ட் மியூசியத்தில நிக்குது, வின்சர் எல்லை தாண்டினால் கிட்டத்தான். அது கனகாலம் ஒரு தனியாள் காணியில சாமான் போடுற கொட்டிலாக் கிடந்து, 2001 இல ஏலத்தில எடுத்துத் திருத்தி வைச்சிருக்கினம். உள்ள ஏறி இருக்க விடுவினம். நான் மேளையும் கூட்டிக்கொண்டு போனன். முன் வாசலால ஏறிக் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு அவளுக்கு எண்ணிக் காட்டினன், ஏழில இருமினன். பின்னால வந்த ஒரு கறுப்பு அம்மா என்ன கதை எண்டு கேட்டா, எங்கட ஊரில ஒரு வாத்தியார் எங்களுக்கு ஒரு மொன்ட்கோமரித் தாத்தாவைச் செய்து தந்தவர் எண்டு குடைக் கதை வரைக்கும் சொன்னன். அவ சிரிச்சுப்போட்டு, அந்த டிரைவருக்கு ஒரு கிழவி குடை பிடிச்சிருந்தால் நல்லாத்தான் இருந்திருக்கும் எண்டா. பிறகு தன்ர அம்மம்மாவின்ர கதை சொல்லத் தொடங்கிட்டா, எங்களை எழும்பச் சொல்லுமட்டும் அந்த சீற்றிலயே இருந்து கதைச்சம்.

கொப்பி என்னட்ட இல்லை. ஆற்றயோ வீட்டில ஒரு கொப்பியாவது தப்பியிருந்தாலும் அதில போர்டில இருந்த மெய்தான் இருக்கும், அதை இப்ப எந்த லைப்ரரியிலயும் எடுக்கலாம். அப்பு எங்கட தலையளுக்குள்ள மட்டும்தான் இருக்கிறார். அதால அந்த வருசங்களில படிச்ச ஆக்கள், எந்த நாட்டில இருந்தாலும், ஞாபகம் இருக்கிற கதையை எழுதியோ வொய்ஸ் மெசேஜாப் போட்டோ மலர்க் குழுவுக்கு அனுப்புங்கோ. ரெண்டு வரி எண்டாலும் காணும். போத்தல் கதை, நிலத்தில சாக்குப் போட்டு இருந்து படிச்ச கதை எண்டு தங்கட வீட்டுக் கதை இருக்கிற ஆக்களும் எழுதுங்கோ, பேர் போட விருப்பமில்லாட்டில் போடாமல் விடலாம், அதுக்கு அடுத்த மலரில இடம் ஒதுக்கோணும் எண்டு நான் குழுவிட்டக் கேட்டிருக்கிறன். எனக்கு உடனடியாத் தேவை 1963 ஓகஸ்ட் 28 வாஷிங்டன் ஊர்வலக் கதையின்ர மிச்சம். அப்பு மேயரையும் கூட்டிக்கொண்டு ரெயில் ஏறினது, கழுதைக்கும் ஒரு ரிக்கற் கேட்டது, ரிக்கற்காரன் வெள்ளைக் கழுதையோ கறுப்புக் கழுதையோ எண்டு கேட்டது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. அப்பு அதுக்கு என்ன மறுமொழி சொன்னவர் எண்டு 1980 ஏ வகுப்பில ஆருக்காவது கட்டாயம் தெரிஞ்சிருக்கும்.